ஒப்ரிகாதா சொன்ன சின்னம்மா

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மத்தியானத் தூக்கமும் வராமல் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரிகளுக்காக இதைச் சொல்கிறேன். இளசுகள் கேட்டால் கேட்கட்டும், எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர்களுக்கு இது விளங்காது. என் பேரனிடம் ஒரு முறுக்கை நீட்டினால் நன்றி என்கிறான். கீழே விழுந்த கண்ணாடியை நான் எடுத்துக் கொடுத்தால் அதற்கும் நன்றி. நம் காலத்தில் வீட்டுக்குள் யார் யாருக்கு நன்றி சொன்னோம்? அந்தச் சொல்லைக் கூட்டங்களில்தான் கேட்டிருக்கிறோம். கடைசியாக ஒருத்தர் எழுந்து நன்றி சொல்வார், அதற்குள் நாம் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்போம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கேரளம் என்று புதுப்பெயர் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் கோபாலபுரத்தில் பொள்ளாச்சி ரோட்டின் குறுக்கே செக்போஸ்ட் மூங்கில் கிடக்கும். அதற்குக் கேரளப் பக்கம் அத்தாவின் கடை, எங்களில் அப்பாவை அத்தா என்போம். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அதனால் எங்கள் துணி, தலைமுடி, சோறு எல்லாவற்றிலும் கடலைப் புண்ணாக்கு வாசனை அடிக்கும். எங்களுக்கு அது தெரியாது, வெளியூர் ஆள் வந்து மூக்கைச் சுளித்தால்தான் தெரியும்.

என்னைப் பெற்ற ஒன்றரை மாதத்தில் அம்மா போய்விட்டார். என்னை வளர்த்தது குப்பி, எங்களில் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவோம். அத்தாவின் அக்கா. இளம் வயதிலேயே புருஷனை இழந்து, தம்பி வீட்டுக்கு வந்து, வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர். குப்பிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு ஆளை வாசல்படி ஏறும்போதே படித்துவிட்டதாக நினைப்பார். பாதி நேரம் தப்பாகத்தான் படிப்பார், அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அத்தாவின் தம்பி, என் சின்னத்தா, பதினாறு வயதில் பம்பாய்க்கு ஓடிப்போனவர். அங்கே ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்து, முதலாளி அனுப்பி, கப்பலேறி ஆப்பிரிக்காவில் பெய்ரா என்ற துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அது போர்த்துகீசுக்காரர்கள் ஆண்ட ஊர். பன்னிரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது கூட ஒரு பெண்டாட்டி இருந்தாள். அவளுடைய அத்தா குஜராத்தி சாயபு, அம்மா அந்த ஊர்க்காரி. இரண்டு பேரும் உயிரோடு இல்லை. நிக்காஹ் அங்கேயே முடிந்திருந்தது. அவளுக்குத் தெரிந்தது போர்த்துகீசு ஒன்றுதான்.

சின்னம்மா பஸ்ஸிலிருந்து இறங்கியது கண்ணிலேயே நிற்கிறது. உயரமான கறுப்பு உடம்பு, சுருள்சுருளாக முடி, கையில் நீலப் பூப்போட்ட எனாமல் காப்பிக் கெண்டி. பெட்டியை வேறு யாரையோ தூக்கவிட்டு, கெண்டியை மட்டும் தானே பிடித்திருந்தாள். அந்தக் கெண்டி பிற்பாடு எந்தப் பழைய சாமான்காரன் சாக்கில் போனதோ தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த தெருப் பொம்பளைகள் முடியைப் பற்றி ஏதேதோ முணுமுணுத்தார்கள். எனக்கோ பார்த்த நிமிஷமே அவள் வேண்டும் என்று ஆகிவிட்டது. அம்மா இல்லாத பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சின்னத்தா பதினைந்து நாள்தான் வீட்டில் இருந்தார். உடும்பஞ்சோலையில் ஒருத்தரோடு கூட்டுச் சேர்ந்து ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்த நாளில் ஏலமலை என்றால் மலைக்காய்ச்சல். எங்கள் ஆட்கள் பொம்பளைகளை மேலே கூட்டிப் போகமாட்டார்கள். ஆம்பளை போவான், காய் எடுப்பு முடிந்ததும் பாதி உடம்பாக இறங்கி வருவான். அதனால் சின்னம்மாவை எங்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். கிளம்புமுன் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துச் சொல் எழுதி, கஞ்சிப்பசையால் சமையலறைச் சுவரில் ஒட்டினார். தண்ணீர், சோறு, உப்பு, மீன், விளக்கு, இப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் பாஷையில் என்ன என்று தமிழ் எழுத்திலேயே இருந்தது. கடைசியாக நன்றி, அதற்கு எதிரே ‘ஒப்ரிகாதோ’. ‘வேண்டும்’ என்ற சொல் அந்தத் தாளில் இல்லை. அது அப்போது என் புத்தியில் படவில்லை.

சின்னம்மா வாயிலிருந்து அதிகம் வந்தது அந்தக் கடைசிச் சொல்தான். தண்ணீர் கொடுத்தால் சொல்வாள். தட்டில் சோறு விழுந்தால் சொல்வாள். குப்பி விலகி வழி விட்டால் அதற்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்து, மெதுவாக, கடைசி எழுத்தை மூச்சிலேயே விட்டுவிடுவாள். ஆனால் அவள் சொன்னது ‘ஒப்ரிகாதா’. தாளில் இருந்தது ‘ஒப்ரிகாதோ’.

எனக்கு இப்படி ஒன்று உறுத்தினால் விடமாட்டேன். இப்போதும் அப்படித்தான், என் மருமகளைக் கேட்டுப் பாருங்கள். சின்னத்தா எழுதியது தப்பா, இவள் சொல்வது தப்பா? முதலில் நான் கட்டிய கணக்கு இது: நாம் ஆம்பளை என்றால் வந்தான் என்கிறோம், பொம்பளை என்றால் வந்தாள் என்கிறோம். அதுபோல, நன்றி வாங்கிக்கொள்ளும் ஆளைப் பொறுத்து வால் மாறும்போல. குப்பிக்குச் சொன்னால் ‘ஆ’, அத்தாவுக்குச் சொன்னால் ‘ஓ’. அத்தா சேலை எடுத்து வந்து கொடுத்த அன்று பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அத்தாவுக்கும் ‘ஆ’தான் கிடைத்தது. என் கணக்கு அதோடு போச்சு.

அன்றைக்கே அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். சுவரில் இருந்த தாளையும் கிழித்து எடுத்திருந்தேன், ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்போடு வந்துவிட்டது. ‘ஓ’ என்று தாளைக் காட்டினேன். ‘ஆ’ என்று அவள் வாயைக் காட்டினேன். கையை விரித்தேன்.

சின்னம்மா தாளைப் பார்த்தாள், கொல்லையில் மேய்ந்த கோழிகளைப் பார்த்தாள். அப்புறம் ஒரு கைப்பிடி நொய்யை எடுத்து ஒரு பெட்டைக் கோழிக்கு வீசினாள். கோழி கொத்தியது. சின்னம்மா கோழி மாதிரிக் கழுத்தை வெட்டிக்கொண்டு, கோழிக்காகத் தானே, “ஒப்ரிகாதா” என்றாள். அடுத்து சேவலுக்கு வீசினாள். குரலைத் தடியாக்கி, “ஒப்ரிகாதோ.” பிறகு என் பின்னலைப் பிடித்து ஆட்டினாள். “ஒப்ரிகாதா.” அத்தாவின் கடைப் பக்கம் கை காட்டித் தாடியைத் தடவுவதுபோலத் தடவினாள். “ஒப்ரிகாதோ.”

பளிச்சென்று புரிந்துவிட்டது. யாருக்குச் சொல்கிறோம் என்பது இல்லை, யார் சொல்கிறோம் என்பதுதான். சின்னத்தா ஆம்பளை, தான் சொல்கிறாற்போல் எழுதிவிட்டார், அவ்வளவுதான். நம் பாஷையில் நான் வந்தேன், நான் போனேன் என்றால் சொல்வது ஆணா பெண்ணா என்று அந்தச் சொல்லில் தெரியாது. அவள் பாஷையில் இந்தச் சொல்லைத் தொட்டாலே தன்னைச் சொல்லிவிட வேண்டும். நான் வாத்தியார் மகள் இல்லை, புண்ணாக்குக் கடைக்காரர் மகள். இருந்தும் அன்றைக்கு எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அதோடு விட்டேனா? ‘முயிந்து ஒப்ரிகாதா’ என்று நீட்டியும் சொல்வாள், ரொம்ப நன்றி என்று அர்த்தம். அந்த ‘முயிந்து’ ஆணுக்கும் பெண்ணுக்கும் அசையாது, வால் மட்டும்தான் அசையும். பெட்டைகள் கூட்டமாக நின்றால் ‘ஒப்ரிகாதாஸ்’. ஏழு பெட்டைகளுக்கு நடுவில் அந்த ஒற்றைச் சேவல் வந்து நுழைந்தால் மொத்தக் கூட்டமும் ‘ஒப்ரிகாதோஸ்’ ஆகிவிடும். எனக்கு ஆத்திரம் வந்தது. ஏழு பேர் இருக்கிறோம், ஒருத்தனுக்காக எதற்கு மாற்ற வேண்டும்? சேவலைத் துரத்திவிட்டு மறுபடியும் ‘தாஸ்’ ஆக்கினேன். சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லில் உட்கார்ந்து சிரித்தாள்.

கற்றதைக் காட்டாமல் இருக்க முடியுமா? சாயந்திரம் குப்பி அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது போய் ஒப்பித்தேன். சின்னம்மா நாள் முழுக்கச் சொல்கிறாளே, அதற்கு அர்த்தம் நன்றி.

குப்பியின் முறம் நின்றது.

“நன்றியா? எனக்கா?”

“ஆமாங்க குப்பி.”

“ஒரு சொம்புத் தண்ணி குடுத்ததுக்கா? நானென்ன இங்க சத்திரமா நடத்தறேன்?”

முதலில் கோபம் என்றுதான் நினைத்தேன். கண்ணைப் பார்த்தால் கலங்கியிருந்தது. அன்றிரவுச் சோற்றை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அத்தாவிடம் கடைக்கே போய்ப் பேசினார். நான் மூட்டைக்குப் பின்னால் இருந்தேன்.

“தம்பி, அவ இந்த ஊட்டுல இருக்கறவ இல்ல. ஒண்ணொண்ணுக்கும் நன்றி சொல்லிச் சொல்லிக் கையை உதறிக்கறா. நாளைக்கே பொட்டியத் தூக்கீட்டுப் போறவ பேச்சு இது. நம்ம ஊட்டுல பொறந்தவ, வாக்கப்பட்டவ எவளாச்சும் இப்படிச் சொல்லியிருக்காளா?”

“அவங்கூர்ப் பழக்கமா இருக்குங்கக்கா.”

“பழக்கமோ என்னமோ. மனசுல ஊடுன்னு இருந்தா வாயில அது வருமா? சின்னவன் மலைய உட்டு எறங்கட்டும். பம்பாய்க்கு ரயிலேத்தி, வந்த கப்பல்லயே அனுப்பீரச் சொல்றேன். ஒட்டாததைப் புடிச்சு வெச்சு என்னாகப் போகுது?”

அத்தா தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. எனக்கு மூட்டைக்குப் பின்னால் காய்ச்சல் வந்ததுபோல ஆகிவிட்டது. அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்தது நான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் குப்பி அதை ஏதோ சாப்பிடுமுன் சொல்லும் பிஸ்மி மாதிரி என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்.

விடக்கூடாது என்று முடிவு பண்ணினேன். காய் எடுப்பு முடிய மூன்று மாதம் இருந்தது. முதலில் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவங்க ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வார்கள், பெட்டைக் கோழிக்குக்கூட ஒரு வால், சேவலுக்கு ஒரு வால் என்று. “சேவல் சொல்லட்டும், எனக்கெதுக்கு?” என்று குப்பி எழுந்து போய்விட்டார். இலக்கணமெல்லாம் குப்பியிடம் வேகாது என்று தெரிந்தது. அப்புறம் ஒரே வழிதான். அந்தச் சொல்லைச் சின்னம்மா வாயிலிருந்து பிடுங்க வேண்டும்.

எப்போதும் பக்கத்திலேயே நின்றேன். அவள் தலை சாயத் தொடங்கும், உதடு குவியும், நான் முந்தானையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பேன். சொல் பாதியில் நிற்கும். முதலில் விளையாட்டு என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துப் பயந்தாள். குப்பியைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டி, மூஞ்சியைச் சோகமாக வைத்துக் காட்டி, கையைக் கும்பிட்டுக்கூடக் கேட்டேன். புத்திசாலி, புரிந்துகொண்டாள். ஆனால் பிறந்ததிலிருந்து வாயோடு வளர்ந்த சொல் சும்மா போகுமா? ராத்திரி போர்வையை இழுத்துவிட்டால் பாதித் தூக்கத்தில் வந்துவிடும். நான் இருட்டிலேயே கிள்ளுவேன். ஒன்பது வயதில் எனக்கு இருந்த கல்மனசை நினைத்தால் இப்போது என்னவோ செய்கிறது.

ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. குப்பி தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைப்பாள். அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும், அந்த வீட்டில் அவள் வாயால் எல்லாரோடும் பேசியது அந்த ஒரு சொல்லைத்தான். அது போனதும் நாள் முழுக்கச் சத்தமே இல்லை.

சரி, நன்றி சொல்லக்கூடாது என்றால் வேறென்ன சொல்வது? நம் வீடுகளில் என்ன சொல்வோம்? குறைதான் சொல்வோம். இது வேகவில்லை, அது காந்திவிட்டது, காப்பி ஆறிப் போச்சு. விருந்தாளி நல்லாயிருக்கிறது என்பான், வீட்டு ஆள்தான் மூஞ்சியைச் சுளிப்பான். அதனால் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் முழுத் தமிழ் வாக்கியம் இது: உப்புப் பத்தலீங்க குப்பி. நான் குப்பி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் குப்பி என்றே கூப்பிட்டாள். நாத்தனாரைக் கூப்பிடும் முறை அது இல்லை. திருத்த எனக்கு நேரமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து அத்தா வந்து சாப்பிட்டு எழுந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். குப்பி பருப்பும் கறியும் போட்ட தால்சாவைச் சோற்றில் ஊற்றினார். குப்பியின் தால்சா தெருவிலேயே பேர் போனது. சின்னம்மா ஒரு வாய் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

“உப்புப் பத்தலீங்க குப்பி.”

குப்பியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. கெட்டது குடி, நாமே ரயிலேற்றிவிட்டோம் என்று நினைத்தேன். குப்பி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். மறுபடியும் நக்கினார்.

“ஆமா, பத்தல,” என்றார். “இவ சொல்றாளே, நீ ஏம்புள்ளே சொல்லல? தின்னுட்டே இருக்கறே.”

எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து சின்னம்மா கையில் கொடுத்தார். போட்டுக்கொள் என்று. அதற்கு முன்னால் அந்த ஜாடியை யாரும் தொட விட்டதில்லை. அந்த வாரத்திலிருந்து சின்னம்மாவைக் கூப்பிட்டு உலையைப் பார்க்கச் சொன்னார், வெங்காயத்தைத் தப்பாக அரிந்தால் திட்டினார். திட்டு விழ விழ எனக்குக் குளுகுளு என்று இருந்தது.

காய் எடுப்பு முடிந்து சின்னத்தா வந்தார். கன்னம் ஒட்டி, கணுக்கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு. சட்டையெல்லாம் ஏலக்காய் வாசனை, வீட்டுப் புண்ணாக்கு வாசனையையே அது அமுக்கிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் அத்தா தொண்டையைக் கனைத்தார்.

“அக்கா ஏதோ உங்கிட்டச் சொல்லோணும்னாங்க.”

“நானென்ன சொன்னேன்?” என்றார் குப்பி. “ஊட்டுப் பொம்பளைய எங்க அனுப்பறது? இங்கயே இருந்துக்கட்டும். நீ வர்றப்ப வா, போறப்ப போ.”

எழுந்து குதிக்காமல் இருக்க நான் பாயைப் பிடித்துக்கொண்டேன். சின்னத்தா அவள் பாஷையில் எடுத்துச் சொன்னார். சின்னம்மா கேட்டுக்கொண்டு, அமைதியாக, நீளமாகப் பதில் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. காதைத் தீட்டிப் பார்த்தேன். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

சின்னத்தா தலையைச் சொறிந்தார். “எங்கூட மேல வர்றேங்கறா.”

அப்புறம் ஒரே ரகளை. மலைக்காய்ச்சல் என்றார் குப்பி. அட்டை என்றார், யானை என்றார், குடிசையில் கூரை ஒழுகும் என்றார். சின்னத்தாவும் வேண்டாம் என்றார். நான் அழுது புரண்டேன். சின்னம்மா உள்ளே போய், பெட்டியைக் கட்டி, தூக்கிக்கொண்டு வந்து நடுவாசலில் வைத்தாள்.

“நான் போறேனுங்க குப்பி.”

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தானே கேட்டுக் கேட்டுப் பிடித்திருந்தாள். யார் என்ன சொன்னாலும் அதையே திரும்பச் சொன்னாள், குரல் உயர்த்தாமல். என்னைவிடப் பிடிவாதக்காரி என்று அன்றைக்குத்தான் கண்டேன். அவளை வீட்டில் இருத்த மூன்று மாதம் பாடுபட்டேனே, இருக்க உனக்கு இஷ்டமா என்று ஒரு நாளாவது கையைக் காட்டியாவது கேட்டேனா? எனக்கு வேண்டியதை அவளுக்கும் வேண்டியது என்று எழுதிவிட்டேன். குப்பியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தோட்டத்தில் களையெடுப்புக்குச் சின்னத்தா உடனே திரும்ப வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் காலை பொள்ளாச்சி பஸ். அங்கிருந்து பழனி, போடி, அப்புறம் மலை. குப்பி விடிவதற்கு முன்னாலேயே எழுந்து வறுத்த மாவு, கருவாடு, ஊறுகாய் எல்லாம் கட்டினார். அத்தாவை அனுப்பி மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை இரண்டு புட்டி வாங்கி, தன்னுடைய கம்பளிக்குள் சுருட்டி மூட்டையில் வைத்தார். அந்தக் கம்பளியை எனக்குக்கூடப் போர்த்தத் தந்ததில்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, நாலு பேர் பார்க்க, செக்போஸ்ட் வரைக்கும் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. குப்பி மூட்டையைச் சின்னம்மா கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். சின்னம்மா மூட்டையைப் பிரித்து, கம்பளியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். தலை கொஞ்சம் சாய்ந்தது. உதடு குவிந்தது. அப்போது என்னைப் பார்த்தாள்.

உதட்டை மூடிக்கொண்டாள். குப்பியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஏறிவிட்டாள். பஸ் மூங்கிலைத் தாண்டிப் போனது.

குப்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஒண்ணுமே சொல்லாமப் போறா பாரு,” என்றார். யாரிடமும் சொல்லாததுபோல. “அத்தனை கட்டிக் குடுத்தேன். வாயத் தொறக்காமப் போறா.”

நான் குப்பியின் துப்பட்டியைப் பிடித்து இழுத்தேன். “நாந்தானுங்க குப்பி. அதைச் சொல்லக் கூடாதுன்னு நாந்தான் கிள்ளிக் கிள்ளி நிறுத்துனேன்.”

அறை விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. குப்பி என் முன்னால் குனிந்தார்.

“அதை நீ சொல்லு, கேக்கலாம்.”

தலையைச் சாய்த்து, மெதுவாக, அவள் சொல்வதுபோலவே கடைசி எழுத்தை மூச்சில் விட்டு, “ஒப்ரிகாதா” என்றேன்.

குப்பி கவனமாகக் கேட்டார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“இல்ல,” என்றார். “அவ சொல்றாப்ல இல்ல.”